கரையில் பொறுக்கியதைத் தொட்டியில் போடும் முன்

எங்கள் வீடு திருவொற்றியூரில். தெருமுனையில் எண்ணூர் விரைவுச் சாலை, அதைத் தாண்டினால் கருங்கல் தடுப்பு, அதற்கப்பால் கடல். தூண்டில் வளைவு போட்ட இடங்களில் இரண்டு வளைவுக்கும் நடுவே கொஞ்சம் மணல் சேர்ந்து கிடக்கும். வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கிறவன் அந்த மணலில் நடந்தால் கை சும்மா இருக்காது. மட்டி ஓடு, சட்டைப் பொத்தான் அளவில் பளபளக்கும் குட்டி நத்தை ஓடு, அலை உருட்டி வழவழப்பாக்கிய கல், உப்பில் ஊறி வெளுத்த மரத்துண்டு, வெள்ளை வெளேரென்று கணவாய் ஓடு என்று ஏதாவது ஒன்று கால்சட்டைப் பையில் ஏறிவிடும். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் காசு கொடுத்து வாங்கும் அலங்காரப் பொருளை விட இது அழகு. நம் கடலிலிருந்து நாமே எடுத்தது என்ற நிறைவும் உண்டு.

அந்த நிறைவில்தான் பன்னிரண்டு கப்பி மீன்களை நான் சாகவிட்டேன். காசிமேட்டுப் பக்கம் கிடைத்த, சுருள் சுருளாக ஏறிப்போகும் சங்கு ஒன்றைக் குழாயடியில் நன்றாகத் தேய்த்துக் கழுவித் தொட்டியில் வைத்தேன். வெளியே மாசுமரு இல்லை. இரண்டாம் நாள் தண்ணீர் பால் கலந்தது போல் வெளுத்தது. மூன்றாம் நாள் காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மாலைக்குள் முடிந்துவிட்டது. சங்கை எடுத்து உடைத்துப் பார்த்தேன். உச்சிச் சுருளில், விரல் நுழையாத இடத்தில், சுண்டைக்காய் அளவு சதை கறுத்துப் போய் ஒட்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம். சதை அழுகினால் அம்மோனியா உண்டாகும். அது மீனின் செவுளைத் தீய்க்கும். கடலுக்கு அந்தச் சதை ஒரு பொருட்டே இல்லை. நாற்பது லிட்டர் தொட்டிக்கு அது நஞ்சு.

அன்றிலிருந்து கரையில் எடுக்கும் ஒவ்வொரு பொருளையும் நான்கு கேள்வி கேட்டுத்தான் தொட்டிக்குள் விடுகிறேன். உள்ளே சதை இருக்கிறதா? எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது? சுண்ணாம்பு கரையுமா? எண்ணெய், சாம்பல், பெயின்ட் ஏதாவது பட்டிருக்கிறதா? முதல் மூன்றையும் சரிசெய்ய வீட்டிலேயே வழி உண்டு. நான்காவதில் பட்டதைப் போக்க எனக்குத் தெரிந்து வீட்டில் வழி இல்லை. கோவளத்திலோ தரங்கம்பாடியிலோ பொறுக்குகிறவர்கள் நான்காவது கேள்வியைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் இருக்கிற நாம் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

காரணம் ஊரறிந்தது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. கொட்டிய எண்ணெய் எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் கருங்கற்களுக்கு நடுவே குழம்பாகத் தேங்கியது. இளைஞர்கள் வாளியில் அள்ளி அள்ளி ஊற்றியதை நாம் எல்லோரும் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் இறங்கியது. படகும் வலையும் கறுத்தன. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெயோடு நின்றன. இவை செய்தியில் வந்தவை. செய்தியில் வராமல் தினமும் நடப்பதும் உண்டு. அனல் மின் நிலையத்துச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் பல வருடங்களாகப் படிந்து கிடக்கிறது. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம், பாதரசம் போன்றவை இருக்கும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குள்ளே டீசலும் படகுப் பெயின்டும் மிதக்கும். படகின் அடிப்பக்கம் பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் இருக்கப் பூசும் பெயின்டில் செம்பு இருக்கும். மீன் அதைக் கொஞ்சம் தாங்கினாலும், தொட்டியில் வளரும் நத்தையையும் இறாலையும் மிகச் சிறிய அளவு செம்பே கொன்றுவிடும்.

எங்கே எடுப்பது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நெட்டுக்குப்பத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் ஆயா. கழிமுகத்து ஓரம் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னா கண்ணு பொறுக்குற?"

"வீட்ல மீன் தொட்டிக்கு ஆயா. கிளிஞ்சல்."

"ஆத்துப் பக்கம் ஒதுங்குனத எடுக்காத. சாம்பத் தண்ணில கெடந்தது அது. எங்க வூட்ல இங்க ஆழி எடுக்கறதையே வுட்டுட்டோம். வேணும்னா அப்பால கடல் மூஞ்சிக்குப் போயி எடு."

ஆழி என்றால் மட்டி. மனிதர் தின்னத் தயங்கும் இடத்துப் பொருளை மீனோடு ஒரே நீரில் போடுவது சரியில்லை என்று எனக்கு அப்போதுதான் பட்டது. அதற்குப் பிறகு சில இடங்களை ஒதுக்கிவிட்டேன். கழிமுகமும் கால்வாய் கடலில் சேரும் இடமும் கிடையாது. துறைமுகத் தடுப்புக்கு உட்பக்கமும் கிடையாது. சாக்கடை இறங்கும் வாயிலிருந்து கூப்பிடு தூரம் வரைக்கும் கிடையாது. பெருமழை ஓய்ந்து கரை முழுக்கப் பொருள் ஒதுங்கிக் கிடக்கும் நாட்கள் கையை இழுக்கும். வெள்ளம் ஆலைப் பக்கத்துக் கழிவை எல்லாம் கொண்டுவந்து சேர்க்கும் நாட்களும் அவையே. சில வாரம் போகட்டும். ஜனவரி, பிப்ரவரியில் கடல் தெளியும்போது போகலாம்.

எண்ணெய் பட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. சமையலுக்கு ஆகாத பழைய பாத்திரத்தில் வெந்நீரை ஊற்றிப் பொருளை அதில் போட்டு, வெளிச்சத்துக்கு எதிரே சாய்வாக வைத்துப் பாருங்கள். மேலே வானவில் நிறத்தில் படலம் ஓடினால் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். தார் ஒட்டிய கல்லை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் கண்ணுக்குச் சுத்தமாகிவிடும். காலில் ஒட்டிய தாரை அப்படித்தான் எடுக்கிறோம். ஆனால் கல்லின் நுண்துளைக்குள் போன தாரும், அதன்மேல் நாம் தேய்த்த மண்ணெண்ணெயும் மெல்ல மெல்லத் தொட்டி நீரில் இறங்கும். இந்த ஒன்றில் மட்டும் பாவம் பார்க்கக் கூடாது.

எடுக்கவே கூடாதவை சில உண்டு. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-இல் பல கடல் உயிர்கள் சேர்க்கப்பட்டன. கல்போன்ற பவளம் எல்லாமே அதில் அடங்கும். கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை, ஓடுள்ளவற்றில் நாட்டிலஸ், கொம்புள்ள ஹெல்மெட் சங்கு, ராட்சத மட்டி வகைகள் எல்லாம் உண்டு. கடல் விசிறி காசிமேட்டு வலைகளில் சிக்கி வந்து கரையில் உதறப்பட்டுக் கிடக்கும். காய்ந்த விசிறி தொட்டியின் பின்புறத்தில் வைத்தால் கண்ணைப் பறிக்கும்தான். செத்துக் கிடந்ததை எடுத்தேன் என்றாலும் சட்டத்துக்கு அது கணக்கில்லை. வைத்திருப்பதே சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் நம் கரைக்கு வரும் காலம். இறந்து ஒதுங்கிய ஆமையின் ஓட்டையும் தொடக் கூடாது. மட்டி, சாதாரணக் கிளிஞ்சல், நத்தை ஓடு, கணவாய் ஓடு இவற்றுக்கு அப்படித் தடை இல்லை.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சங்குக்குள் துறவி நண்டு குடியிருக்கலாம். எடுத்ததும் ஓடாது, உள்ளே சுருங்கிக்கொள்ளும். ஒரு கிண்ணத்தில் கடல் நீர் ஊற்றி அதில் சங்கை வைத்துவிட்டுக் கால் மணி நேரம் அசையாமல் காத்திருங்கள். கால் நீட்டினால் அது அதன் வீடு. எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

இனி கிளிஞ்சலைச் சுத்தம் செய்வது. இரண்டு மூடியுள்ள மட்டி ஓடு எளிது. உள்ளும் புறமும் கண்ணுக்குத் தெரியும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, குளிர்ந்த நீரில் போட்டு அடுப்பேற்றி, கொதி வந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் போதும். கொதிக்கிற நீரில் திடீரென்று போட்டால் ஓடு விரிசல் விடும். சோழி போலப் பளபளப்பானவற்றைக் கொதிக்க வைத்தால் அந்தப் பளபளப்பு போய்விடும். அவற்றை ஊறவைத்தே சுத்தம் செய்ய வேண்டும். சோப்பு எதற்கும் வேண்டாம்.

சுருள் சங்குதான் ஆபத்தானது என்பதை மேலே சொன்னேன். அதற்கு எறும்பை நம்புங்கள். மாடியில் மண் நிரப்பிய பூந்தொட்டியில் சங்கின் வாய் கீழ் நோக்கி இருக்கும்படி பாதி புதைத்து, பூனையும் காக்கையும் தூக்கிப் போகாமல் மேலே ஒரு கூடையைக் கவிழ்த்துவிட்டால், மூன்று நான்கு வாரத்தில் எறும்பு உச்சிச் சுருள் வரைக்கும் போய்த் துடைத்துவிடும். பிறகு குலுக்கினால் உலர்ந்த துணுக்கு விழும். அடுத்து பிளீச். கடையில் விற்கும், நறுமணமும் சோப்பும் சேராத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி வீதம் கலந்து, சங்கைச் சாய்த்துச் சாய்த்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி ஒரு நாள் மூழ்க வையுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, மீன் கடையில் குளோரினை முறிக்கத் தரும் சொட்டு மருந்தைத் தாராளமாக விட்ட தண்ணீரில் இன்னொரு நாள் போட்டு, வெயிலில் நான்கைந்து நாள் காயவிடுங்கள். கடைசிச் சோதனைக்கு மூக்கு போதும். சங்கின் வாயை மூக்கருகே வைத்து முகருங்கள். பிளீச் வாடையும் வரக் கூடாது, கவிச்சியும் வரக் கூடாது. சந்தேகம் இருந்தால் மூடியுள்ள டப்பாவில் கொஞ்சம் தண்ணீரோடு இரண்டு நாள் வைத்துத் திறந்து முகருங்கள். அடைந்த டப்பா எதையும் மறைக்காது.

பிளீச் இருக்கும் இடத்தில் கழிப்பறை ஆசிட்டையோ வினிகரையோ கொண்டுவரவே வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு எழும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே உலை வைக்கும். கிளிஞ்சலை வெளுக்க ஆசிட்டில் முக்குகிற பழக்கமும் சிலருக்கு இருக்கிறது. ஓடே கரைந்து போகும், பிறகு எதை வைப்பது? கடற்கரைக் கடைகளில் பாலிஷ் போட்டும் சாயம் ஏற்றியும் விற்பவை காட்சி அலமாரிக்கு மட்டும்தான்.

கிளிஞ்சல் எதனால் ஆனது என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெற்றிலையில் தடவிய சுண்ணாம்பு கிளிஞ்சலைச் சுட்டு வந்ததுதான். பழைய மதராஸ் கட்டடங்களில் பளிங்கு போல மின்னும் சுவர்ப்பூச்சும் கிளிஞ்சல் சுண்ணாம்புதான். சுடாத ஓடு கால்சியம் கார்பனேட். தொட்டி நீரில் மீன் கழிவாலும் கரியமில வாயுவாலும் மெல்ல அமிலம் சேரும்போது ஓடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, நீரின் கடினத்தன்மையையும் காரத்தையும் ஏற்றும். இது நல்லதா கெட்டதா என்பது உங்கள் வீட்டில் என்ன தண்ணீர், என்ன மீன் என்பதைப் பொறுத்தது.

வடசென்னையில் தண்ணீர் வீட்டுக்கு வீடு மாறும். காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்டது. அந்த நீர் வரும் தெருவில் குழாய் நீர் மென்மையானது. கேன் தண்ணீர் அதைவிட மென்மை. இப்படிப்பட்ட நீரில் கிளிஞ்சல் நன்றாகவே கரையும். கடலோரத்து போர் தண்ணீரோ ஏற்கெனவே சுண்ணாம்பும் உப்புமாக இருக்கும். அதில் இன்னும் கரைய இடம் இல்லை, ஓடு அப்படியே கிடக்கும். கப்பி, மோலி, பிளாட்டி, தங்க மீன் எல்லாம் கடினமான நீரை விரும்புபவை. அவற்றின் தொட்டியில் ஏழெட்டு ஓடு கிடந்தால் நல்லதுதான். நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்ற அமேசான் பக்கத்து மீன்களுக்கு வேண்டாம். கொளத்தூரில் ஆப்பிரிக்க சிச்லிட் மீன்கள் கிடைக்கின்றன. அவற்றில் டாங்கனிக்கா ஏரியைச் சேர்ந்த சில குட்டி இனங்கள் காலி நத்தை ஓட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தி முட்டையிடுபவை. அந்த மீன் வைத்திருப்பவருக்கு நம் கடல் நத்தை ஓடு அலங்காரம் மட்டும் இல்லை, வீடே அதுதான். அவற்றுக்குக் காரமான நீர்தான் பிடிக்கும் என்பதால் சுண்ணாம்புக் கவலையும் இல்லை.

ஓட்டை வைக்கும் விதத்தில் ஒரு சின்னக் கவனம் வேண்டும். வாய் மேல் நோக்கி இருந்தால் தீனியும் கழிவும் உள்ளே விழுந்து அழுகும். குறுகிய சுருளுக்குள் குட்டி மீன் போய்ச் சிக்கும். உடைந்த விளிம்பும் ஒட்டியிருக்கும் கொட்டலசும் கத்தி மாதிரி. பீட்டா மீனின் துடுப்பு ஒரே இரவில் கிழிந்துவிடும். அரத்தால் மழுக்கிவிடுங்கள்.

கல்லுக்கு வருவோம். சென்னைத் துறைமுகம் கட்டிய நாளிலிருந்து நம் கரைக்குத் தெற்கிலிருந்து வர வேண்டிய மணல் துறைமுகச் சுவரில் தடைபட்டு நிற்கிறது. அங்கே மெரினா அகன்றது. இங்கே ராயபுரம் முதல் கரை தேய்ந்தது. அதற்காகத்தான் இந்தக் கருங்கல் தடுப்பு. வீட்டைக் காப்பாற்ற நிற்கிற கல்லை யாரும் தொட்டிக்கென்று பெயர்க்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம். ஆனால் அதிலிருந்து உதிர்ந்து பல வருடம் அலையில் உருண்டு முட்டை போல ஆன சில்லுகள் மணலில் கிடைக்கும். இரண்டு மூன்று எடுத்தால் ஒன்றும் குறையாது. தொட்டிக்கு இதைவிடப் பாதுகாப்பான கல் இல்லை. எந்த நீரிலும் கரையாது.

கூடவே கிடக்கும் போலிகள் இரண்டு. ஒன்று, உருண்டு வழவழப்பான கான்கிரீட். கல் என்றே தோன்றும். ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். பொங்கி நுரைத்தால் சிமென்ட் அல்லது சுண்ணாம்புக் கல். இரண்டாவது, நிலக்கரி எரிந்து இறுகிய கசடுக் கட்டி. துளைத் துளையாக, லேசாக, கறுப்பாக, கடையில் எரிமலைக் கல் என்று விற்பது போலவே இருக்கும். எண்ணூர்ப் பக்கம் துளையுள்ள லேசான கறுப்புக் கல் கிடைத்தால் அதை எரிமலை தரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கரையில் எரிமலை இல்லை.

கல்லைத் தேய்த்துக் கழுவி வெந்நீரை ஊற்றினால் போதும். நேராகத் தணலில் வைப்பதோ அடுப்பில் சுடுவதோ கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடித்துச் சிதறும். ஈரமான பாறைத் துண்டில் வழவழவென்று குட்டிப் பூக்கள் போல உயிருள்ளவை ஒட்டியிருந்தால் அதைக் கையாலும் தொடாதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள். அவற்றில் சில இனங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கும். கொதிக்கும்போது ஆவியோடு சேர்ந்து மூச்சில் போகும். வெளிநாட்டில் மீன் தொட்டிப் பாறையை வீட்டில் கொதிக்க வைத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது மரம். அதற்குத்தான் அதிகப் பொறுமையும் வேண்டும்.

முதலில் என்ன மரம் என்று பாருங்கள். எண்ணூருக்கு வடக்கே சவுக்குத் தோப்புகள் உண்டு. புயலில் பெயர்ந்த சவுக்கு வேர், கடலில் மிதந்து, பட்டை உரிந்து, சாம்பல் நிறத்தில் வந்து ஒதுங்கும். விரல் விரலாகப் பிரிந்த அந்த வேர் தொட்டிக்குள் ஒரு குட்டிக் காடு. இறுகலாக இருக்கும், சீக்கிரம் உளுக்காது. பனை, தென்னை மட்டையும் தண்டும் நார் நாராகப் பிரிந்து அழுகும், வேண்டாம். பெயின்ட் ஒட்டிய பலகை, ஆணி அடித்த துண்டு, பழைய படகின் சட்டம் எதுவும் வேண்டாம். துறைமுகத்துக்குச் சரக்கோடு வரும் பெட்டிப் பலகையும் கரையில் ஒதுங்கும். அதில் எச்.டி. அல்லது எம்.பி. என்று முத்திரை குத்தியிருக்கும். எம்.பி. என்றால் பூச்சி சாக மீத்தைல் புரோமைடு புகை போட்டது. முத்திரை எதுவாக இருந்தாலும் அதன்மேல் என்ன சரக்கு சிந்தியது என்று நமக்குத் தெரியாது, ஆகவே அதைத் தொட வேண்டாம். நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கினால் மரம் மக்கிவிட்டது. சில துண்டுகளில் சுண்டுவிரல் நுழையும் அளவு துளைகள் இருக்கும். கப்பல் புழு குடைந்தது. புழு என்று பெயர் இருந்தாலும் அது மட்டி இனம். குடைந்த வழியெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு பூசிக்கொண்டே போயிருக்கும். இறால் ஒளிய அருமையான இடம், ஆனால் உள்ளே செத்த புழு இருக்கலாம் என்பதால் வழக்கத்தை விடக் கூடுதல் நாள் ஊற வேண்டும்.

கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. மாதக்கணக்கில் மிதந்த மரம் அதை நெஞ்சு வரைக்கும் குடித்திருக்கும். மேலே கழுவினால் மேலே உள்ளதுதான் போகும். பாத்திரத்தில் அடங்கும் துண்டை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, அதன்பின் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, மேலே கல்லை வைத்து முழுக்க அமுக்கிவிடுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். டிரம்மின் வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டுங்கள். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும்.

எத்தனை நாள் என்று கேட்பார்கள். நாளைக் கணக்கிடாமல் உப்பைக் கணக்கிடுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் பார்க்கப் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். புதுத் தண்ணீரை ஊற்றியதும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். என் சவுக்கு வேருக்கு முதல் தடவை 180 இருந்தது 900-ஐத் தாண்டியது. அடுத்த தடவை 600, அதற்கடுத்து 420 என்று இறங்கி, ஏழாவது வாரத்தில்தான் ஊற்றிய அளவும் எடுத்த அளவும் ஏறக்குறைய ஒன்றாக நின்றன. அன்றைக்குத்தான் அந்த மரம் கடலை விட்டு முழுசாக வெளியே வந்தது என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் மரம் மூன்று வாரத்தில் முடிக்கலாம், மூன்று மாதமும் கேட்கலாம்.

தொட்டியில் வைத்த பிறகு நீர் டிக்காஷன் நிறத்துக்கு மாறினால் பயப்பட வேண்டாம்; மரத்தின் துவர்ப்புச் சத்து அது. மீனுக்குக் கெடுதல் இல்லை, நீரை மாற்ற மாற்றக் குறையும். முதல் இரண்டு வாரம் மரத்தின் மேல் வெள்ளையாகப் பஞ்சு போலப் பூஞ்சை படரும். அதுவும் தானாகப் போகும். நத்தை இருந்தால் தின்று தீர்த்துவிடும்.

கணவாய் ஓட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. சித்த மருத்துவத்தில் கடல்நுரை என்பது அதுதான். காசிமேட்டில் கணவாயும் கடம்பாவும் இறங்கும் காலத்தில் கரையில் நிறையக் கிடைக்கும். இரண்டு நாள் ஊறவைத்து, கொதிக்க வைத்துக் காயவைத்தால், ஒரு துண்டு உடைத்துத் தொட்டி நத்தைகளுக்குப் போடலாம். அவற்றின் ஓடு உறுதியாகும். மிதக்கும், அவ்வளவுதான் தொல்லை.

கடல் மணல் மட்டும் வேண்டாம். மூட்டை கட்டி அள்ளுவது கடலோர ஒழுங்குமுறை விதிப்படி தடை. தேய்ந்துகொண்டிருக்கும் நம் கரையில் அது பெருந்தவறும்கூட. தொட்டிக்கும் அது உதவாது. நைசான மணல் இறுகிப் படிந்து, அடியில் காற்று புகாமல் கறுத்து, கிளறினால் அழுகிய முட்டை வாடை வரும். ஹைட்ரஜன் சல்பைடு, மீனுக்கு விஷம். கடல் நீரைக் குடத்தில் கொண்டுவந்து கடல்மீன் வளர்க்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 1909-இல் மெரினாவில் கடலுக்கு முன்னாலேயே மீன் காட்சியகம் வைத்திருந்த ஊர் இது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. அந்தக் கடலும் இன்று துறைமுகத்துக்கு வடக்கே இருக்கும் கடலும் ஒன்றில்லை. கடையில் விற்கும் கடல் உப்புக் கலவையை நல்ல தண்ணீரில் கரைத்துக்கொள்வதே மீனுக்கு நல்லது.

கரையிலிருந்து வீட்டுக்கு வருவது போல, வீட்டிலிருந்து கரைக்கும் சில போய்விடுகின்றன. எண்ணூர், பழவேற்காடு நீர்நிலைகளில் இப்போது மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லும் ஒரு மட்டி இனம் அடை அடையாகப் பரவி, இறால் வளரும் சேற்றுத் தரையை மூடிக்கொண்டிருக்கிறது. தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது, கப்பல்களோடு வந்தது. கையால் இறால் தடவிப் பிடிக்கும் மக்களின் பிழைப்பை அது கெடுத்துவிட்டது. அதற்கு நாம் காரணம் இல்லை. ஆனால் சென்னை ஏரிகளில் பெருகிவிட்ட டேங்க் கிளீனர் மீனுக்கு நம்மைப் போன்ற தொட்டிக்காரர்கள்தான் காரணம். வளர்ந்து பெரிதானதும் ஏரியில் கொண்டுபோய் விட்டவர்கள் நாம்தான். ஆகவே கரைப் பொருளை ஊறவைத்த முதல் தண்ணீரைக் கால்வாயில் ஊற்றாமல் கழிவறையில் ஊற்றுங்கள். வேண்டாத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். தொட்டிச் செடியையும் நத்தையையும் கழிமுகத்துப் பக்கம் கொண்டுபோகவே போகாதீர்கள்.

எல்லாம் முடிந்த பொருளையும் நான் உடனே தொட்டியில் வைப்பதில்லை. ஒரு வாளியில் தொட்டி நீரையே எடுத்து, பொருளை அதில் போட்டு ஒரு வாரம் வைக்கிறேன். படலம், நுரை, வாடை, நிறமாற்றம் எதுவும் இல்லை என்றால், கொளத்தூரில் வாங்கிய அம்மோனியா சோதனைச் சொட்டு இரண்டு விட்டுப் பார்ப்பேன். மஞ்சளாகவே நின்றால் சரி. பச்சை தட்டினால் மறுபடி மாடிக்குப் போகும். அப்படி இரண்டு தடவை மாடிக்குப் போன ஒரு சுருள் சங்கு இப்போது மூன்றாவது முறையாக எறும்போடு பூந்தொட்டியில் இருக்கிறது. அடுத்த மாதம் எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும்.